பழுதான பெட்டி கற்பித்த பாடம்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு 1980-களில் ஒரு தனிக் கவலை இருந்தது. தூர்தர்ஷனின் நாடு தழுவிய ஒளிபரப்பில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் பல்வேறு மாநில மொழித் திரைப்படங்கள் முறைவைத்துக் காட்டப்பெற்றன. தமிழ்ப் படத்தின் முறை வர வாரங்கள் பல காத்திருத்தல் வேண்டும். காத்திருந்த அந்த நாளில் பெட்டியின் திரை இருண்டுபோனால், வீட்டாரின் ஏமாற்றத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அத்தகைய வேளையில், பொறியியல் கல்லூரியின் வாசலை மிதியாத ஒருவர், திருப்புளியும் மீட்டரும் கொண்டு பெட்டியின் பின்மூடியைக் கழற்றத் துணிந்த நிகழ்ச்சி நம்மில் பலருடைய இல்லங்களுக்குப் புதிதன்று. அந்தப் பழக்கத்தின் வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

கருவியைத் தானே திறந்து பார்க்கும் ஆர்வம் தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. நம் நாட்டின் ஒலிபரப்பே அத்தகைய ஆர்வலர்களால் தொடங்கப்பெற்றது. 1923-ஆம் ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வானொலிச் சங்கங்கள் ஒலிபரப்பு நடத்தின. 1924-இல் கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோரின் முயற்சியால் சென்னையிலும் ஒரு சங்கம் தோன்றிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் அது ஓய்ந்தது. ஆயினும் அதன் கருவி வீணாகவில்லை. சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது. 1930-இல் மாநகராட்சியே ஒலிபரப்பைத் தொடர்ந்தது. பொழுதுபோக்காக மூட்டிய விளக்கு, பின்னர் பொதுமக்களின் விளக்காயிற்று எனலாம்.

தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. பம்பாய்க்கு 1972-இலும், கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் 1975-இலும் அது வந்தது. அதே 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக நிகழ்ச்சிகள் அனுப்பப்பெற்றன. படத்தை வானிலிருந்து அனுப்பினால் மட்டும் போதாது. கிராமத்துப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். ஆகவே, பழுது நீக்கும் ஏற்பாடும் அத்திட்டத்தின் பகுதியாயிற்று. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தபின் பெட்டிகள் பெருகின. பெட்டிகள் பெருகிய வேகத்தில், பயிற்சி பெற்ற பழுதுபார்ப்போர் சிற்றூர்களில் பெருகவில்லை. அந்தக் குறையை ஓரளவு நிரப்பியவர்கள், வானொலியைப் பிரித்துப் பழகிய வீட்டு ஆர்வலர்களே.

அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக விளங்கியவை கடைத்தெருக்கள். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத்ராய் மார்க்கெட், பம்பாயில் லேமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் சிறு உறுப்புகள் சில்லறையாகக் கிடைத்தன. அங்கே நம்மவருக்கு மொழி ஒரு தடையாகவில்லை. ரெசிஸ்டர் என்னும் சிறு உறுப்பின்மீது மஞ்சள், ஊதா, சிவப்பு என மூன்று வளையங்கள் வரிசையாக இருப்பின், அதன் மதிப்பு 4,700 ஓம். அதைத் தமிழரும் பஞ்சாபியரும் வங்காளியரும் ஒன்றுபோலவே படித்தனர். இந்தி நன்கு பேச வராதவரும், கெட்டுப்போன உறுப்பைக் கையில் நீட்டி, அதற்கு ஈடானதைப் பெற்றுத் திரும்ப முடிந்தது.

பழைய படக்குழாய்ப் பெட்டி, தன் நோயைத் தானே ஓரளவு சொல்லும். ஒரு மின்னணுக் கற்றை திரையின் இடமிருந்து வலமாகவும், மேலிருந்து கீழாகவும் ஓடி, நொடிக்கு 25 முழுப் படங்களை 625 வரிகளில் தீட்டுகிறது. திரையின் நடுவே ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் ஒளிர்ந்தால், கற்றையை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி செயலற்றது என்று அறியலாம். படம் உருண்டுகொண்டே இருந்தால், அந்த அசைவு ஒளிபரப்போடு இசையவில்லை என்பது பொருள். ஒலி தெளிவாகக் கேட்டுத் திரை மட்டும் இருண்டிருந்தால், தேடவேண்டிய இடம் வேறு. காரணமோ, பல நேரங்களில் மிகச் சிறியது: உப்பிய ஒரு கண்டென்சர், அல்லது ஈயப்பற்றில் விழுந்த மயிரிழை விரிசல். குறிகண்டு காரணம் தேடும் இம்முறை மருத்துவர்க்கு உரியது; அதனை ஒரு பழைய பெட்டி நம் வீட்டு மேசைமேல் கற்பித்தது.

ஆயின், ஓர் எச்சரிக்கையையும் சொல்லாமல் விடலாகாது. வண்ணப் படக்குழாய்க்கு ஏறத்தாழ 25,000 வோல்ட் மின்னழுத்தம் தேவை. மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் அதன் ஒரு பகுதி குழாயிலேயே தங்கியிருக்கும். அதனை அறியாது தொட்டவர் உயிருக்கே இடர் நேரலாம். நல்ல ஆர்வலர்கள் முதலில் கற்றது, எதைத் தொடலாம் என்பதன்று; எதைத் தொடலாகாது என்பதே.

இன்று அந்தக் கனத்த பெட்டிகள் நம் கூடங்களை விட்டு நீங்கிவிட்டன. தட்டைத் திரைகளில் சிறு உறுப்பை மாற்றுவது அரிதாகி, முழுப் பலகையையே மாற்றுவது வழக்கமாயிற்று. பலகை கிடைக்கவில்லையேல் திரை முழுவதும் குப்பைக்குச் செல்கிறது. பழைய படக்குழாயின் கண்ணாடியிலோ ஈயம் கலந்துள்ளது. கண்ட இடத்தில் உடைத்தெறிந்தால் மண்ணுக்குக் கேடு. பொருளை வாங்கியவருக்கு அதனைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழுவை அமைத்தது. ஒரு காலத்தில் வீட்டு மேசையில் கேளாமலே நடந்த காரியம், இன்று கேட்டுப் பெறவேண்டிய உரிமையாக மாறியிருக்கிறது.

சட்டம் உரிமையைத் தரலாம்; பழுதைத் தேடும் பொறுமையைத் தர இயலாது. அது ஒருவர் செய்வதை அருகிருந்து மற்றொருவர் பார்ப்பதால் வருவது. நம் வீட்டில் ஒரு மின்விசிறியோ, மேசை விளக்கோ நின்றுபோனால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, அறிந்தவர் ஒருவரின் துணையோடு பிள்ளைகளை அருகில் அமர்த்தி அதனைத் திறந்து காட்டுவோம். அது மீண்டும் ஓடினால் மகிழ்ச்சி; ஓடாவிடினும், அது ஏன் ஓடவில்லை என்பதையேனும் அவர்கள் அறிந்துகொள்வார்கள்.