துப்பாக்கியில் அடைபட்ட காற்று

சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்க்காத சிறுவர்கள் இருக்க முடியாது. கைப்பிடி ஓரளவு உள்ளே போகும். கையைத் தளர்த்தியதும் தானாகவே மேலே எழும்பும். அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல நடந்துகொள்கிறது. இந்த எளிய உண்மையை மனிதன் ஆயுதமாக்கினான். பிறகு அந்த ஆயுதமே ஒரு விளையாட்டுக் கருவியாயிற்று. அந்தக் கதையையும், அக்கருவியிலிருந்து காற்று உருளையைக் கழற்றுவது ஏன் கவனத்துடன் செய்யவேண்டிய செயல் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

காற்றால் குறிபார்த்து எய்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. நீண்ட குழலினுள் சிறு அம்பை வைத்து வாயால் ஊதி எய்யும் வழக்கம் தென்னிந்தியாவில் இருந்தது. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றி 1924-இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஆனால் நெஞ்சின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கடக்க வேண்டுமானால், காற்றை முன்கூட்டியே அழுத்திச் சேமித்து வைக்க வேண்டும்.

அதற்கான அறிவியல் அடிப்படை 17-ஆம் நூற்றாண்டில் உருவாயிற்று. வெப்பநிலை மாறாதிருக்கும்போது ஒரு வாயுவின் பருமனைப் பாதியாக்கினால் அதன் அழுத்தம் இரு மடங்காகும் என்ற விதியை ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்டார். பள்ளியில் நாம் படிக்கும் பாயில் விதி இதுவே.

இந்த விதியைப் போர்க்களத்துக்குக் கொண்டு சென்றவர் பர்த்தலோமியோ ஜிராண்டோனி. இவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டது. வெடிமருந்து இல்லை, புகை இல்லை, மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. ஏறத்தாழ 20 குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாம். இதில் நாம் கவனிக்க வேண்டியது துப்பாக்கியின் அடிக்கட்டை. அது மரக்கட்டை அன்று. இரும்புத் தகட்டால் ஆன காற்றுக்குப்பி! வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50 மடங்கு அளவுக்கு அதில் காற்றை ஏற்ற, கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டியிருந்தது. எனவே வீரர்கள் நிரப்பிய குப்பிகளை உடன் எடுத்துச் சென்றார்கள். ஒன்று தீர்ந்ததும் திருகிக் கழற்றிவிட்டு, அடுத்ததைத் திருகிப் பொருத்துவார்கள். இன்றைய போட்டித் துப்பாக்கியில் உருளையை மாற்றும் முறைக்கு முன்னோடி இதுவே எனலாம்.

இத்தனை சிறப்புகள் இருந்தும் அந்தத் துப்பாக்கி நிலைக்கவில்லை. காற்றுக் கசியாத, வெடிக்காத குப்பியைச் செய்வதும் பழுது பார்ப்பதும் அக்காலத் தொழில்நுட்பத்துக்குக் கடினமாயிருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது படையிலிருந்து விலக்கப்பட்டது. அதைத் தோற்கடித்தது எதிரியின் பீரங்கி என்பதைவிட, அதன் குப்பியே என்பது பொருந்தும்.

காற்றுத் துப்பாக்கி மீண்டும் புகழடைந்தது விளையாட்டுக் களத்தில். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி 1970-இல் உலகச் சாம்பியன் போட்டிகளிலும், 1988-இல் சியோல் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது. இதில் சுடப்படும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், எடை சுமார் அரை கிராம். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இப்போட்டியில் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் போட்டியிலும் வெண்கலம் பெற்றார். நம் மாநிலத்தில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், நீள்குழல் காற்றுத் துப்பாக்கியில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றவர்.

போட்டித் துப்பாக்கிகளில் முதலில் சுருள்வில்லும் உந்துதண்டும் இருந்தன. வில் விடுபடும்போது துப்பாக்கி அதிர்ந்தது. அடுத்து, நெம்புகோலை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுக்கான காற்று சேரும் வகை வந்தது. பிறகு கார்பன் டை ஆக்சைடை நீர்மமாக நிரப்பிய உருளைகள் வந்தன. குளிர்நாடுகளில் இவை நன்றாகவே வேலை செய்தன. ஆனால் இவ்வாயுவின் அழுத்தம் வெப்பத்தைச் சார்ந்தது. 20 டிகிரி செல்சியசில் சுமார் 57 மடங்கு வளிமண்டல அழுத்தம்; 30 டிகிரியில் சுமார் 71 மடங்கு. 31 டிகிரியைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் இது நீர்மமாகாது! சித்திரை மாதத்தில் செங்கல்பட்டு வெயிலில் நின்றவர்களுக்கு, இத்தகைய கருவி காலையில் ஓரிடத்திலும் நண்பகலில் வேறோரிடத்திலும் குண்டைச் செலுத்தும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே சாதாரணக் காற்றையே சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைக்கும் உருளைகள் 1990-களில் பரவின. துப்பாக்கியினுள் உள்ள ஓர் அழுத்தச் சீராக்கி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்றை அளந்து கொடுக்கிறது.

இவ்வளவு அழுத்தமுள்ள காற்று எங்கே கிடைக்கும்? இங்கேதான் மாமல்லபுரம் கடற்கரை நம் கதைக்குள் வருகிறது. 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் அறிவியல் ஆய்வுப் பயணச் சங்கமும் சேர்ந்து, கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் முக்குளிப்பு ஆய்வு நடத்தின. சில மீட்டர் ஆழத்தில் கட்டடச் சிதைவுகளும் செதுக்கிய கற்களும் காணப்பட்டன. இத்தகைய ஆய்வுக்கு வழி வகுத்தது, 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய மூச்சுக் கருவி. முக்குளிப்போர் முதுகில் சுமக்கும் உருளையிலும் சுமார் 200 மடங்கு அழுத்தமே இருக்கும். துப்பாக்கி வீரர்கள் பலர் தங்கள் சிறிய உருளையை நிரப்பிக்கொள்வது இந்தப் பெரிய உருளையிலிருந்துதான்.

முக்குளிப்போரின் கருவி நமக்கு ஒரு பாடமும் கற்பிக்கிறது. மூச்சுக் கருவியை உருளையிலிருந்து பிரிக்குமுன் அவர்கள் இரண்டு செயல்களைச் செய்வார்கள். முதலில் உருளையின் வால்வை மூடுவார்கள். பின்பு இணைப்பில் தங்கிய காற்றை வெளியேற்றுவார்கள். காற்று வெளியேறாத வரை, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 200 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை இணைப்பை இறுக்கிக்கொண்டிருக்கும். கையால் திருக முடியாது. துப்பாக்கி உருளையில் முதற்செயலைச் செய்ய மனிதக் கை தேவையில்லை. உருளையின் வாயில் ஓர் ஒருவழி வால்வு இருக்கிறது. உருளையைத் திருகிப் பொருத்தும்போது துப்பாக்கியிலுள்ள ஊசி அந்த வால்வைத் தள்ளித் திறக்கிறது. கழற்றத் தொடங்கியதும் ஊசி விலகுகிறது, வால்வு மூடிக்கொள்கிறது. இடையில் தங்கிய சிறிதளவு காற்று மட்டும் 'உஸ்' என்று வெளியேறி அடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் இத்தகைய கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துவந்தார். உருளை திருகவில்லை. "சார், ஆய்வுக்கூடத்தில் குழாய்க் குறடு இருக்கிறதா?" என்று கேட்டார். நான் குறட்டைக் கொடுக்கவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். உருளையின் கொள்ளளவு 60 கன சென்டிமீட்டர், அழுத்தம் 200 மடங்கு என்று கொள்வோம். அது திடீரென விரிந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 2,300 ஜூல். 10 கிலோகிராம் கல் ஒன்று எட்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டின் ஆற்றலோ 6 ஜூலுக்கும் குறைவு! குண்டுக்கு அஞ்சும் நாம், கையிலுள்ள உருளையை மறந்துவிடுகிறோம். மாணவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு அந்தத் துப்பாக்கியை அப்படியே, பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் அனுப்பிவைத்தார்.

கழற்றும் முறையை முறைப்படி சொல்வதானால்: குழல் குறிப்பலகையின் திசையை நோக்கியிருக்க வேண்டும். விரல் விசையில் இருக்கக் கூடாது. குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பின்பு தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி உருளையைக் கையால் மட்டும் மெல்லத் திருக வேண்டும். காற்றொலி அடங்காமல் தொடர்ந்தால் வால்வு மூடவில்லை என்று பொருள். திருகுவதை நிறுத்தி மீண்டும் இறுக்கிவிட வேண்டும். இறுகிக் கிடந்தால் குறடும் கூடாது, எண்ணெயும் கூடாது. உயரழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பற்றக் கூடும். டீசல் என்ஜின் இயங்குவதே இந்த முறையில்தானே? இன்னொன்று: உருளையைக் கழற்றிய பின்னும் துப்பாக்கியின் உள்ளறையில் ஒரு முறை சுடுவதற்குப் போதுமான காற்று இருக்கலாம். உருளை இல்லாத துப்பாக்கி வெறும் துப்பாக்கி என்று எண்ணலாகாது.

உருளைக்கும் ஆயுள் உண்டு. நிரப்புவதும் தீர்வதுமாக உலோகம் மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்கிக் களைப்படைகிறது. காற்றோடு உட்புகும் ஈரம் அரிக்கிறது. கடற்கரையோரத்து உப்புக் காற்று வெளிப்புறத்தையும் விட்டுவைப்பதில்லை. பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு கால எல்லை விதித்து, அந்த நாளை உருளையின் மீதே பொறிக்கிறார்கள். உருளை காலாவதி ஆகாமலிருப்பதைப் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று சர்வதேசப் போட்டி விதியே கூறுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் சுடுதளம் உள்ளது. மாநிலத்தின் பல ஊர்களில் இளைஞர்கள் இவ்விளையாட்டைப் பழகிவருகிறார்கள். கைமாறி வரும் பழைய உருளையில் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விலையை அன்று. அதில் பொறித்த தேதியைத்தான்.

ஜிராண்டோனியின் குப்பியைக் கைவிடச் செய்த சிக்கல், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் தீர்ந்துவிட்டது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் பாயிலின் விதி மாறவில்லை. அடைபட்ட காற்று அன்று போலவே இன்றும் வெளியேறும் வழியைத் தேடிக்கொண்டேயிருக்கிறது. அதற்கு வழிவிடும் கை, நிதானமுள்ள கையாக இருக்கட்டும்.