தஞ்சைத் தரணியில் மருந்து கெட்டித்த துப்பாக்கி

துப்பாக்கி என்பதைத் தூய தமிழ்ச் சொல்லென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். துருக்கியரின் ‘துஃபெக்’, பாரசீகரின் ‘துஃபங்’ ஆகியவற்றின் உடன்பிறப்பே அது. ‘பீரங்கி’யோ ஐரோப்பியரைக் குறிக்கும் ‘ஃபரங்கி’யிலிருந்து பிறந்தது. அரபியில் ‘புந்துக்’ என்பது ஒரு கொட்டையின் பெயர். அக்கொட்டைபோல் உருட்டிய களிமண் குண்டுக்கும் அப்பெயர் வழங்கிற்று. பின்னர்க் குண்டை எறியும் கருவி ‘புந்துகிய்யா’ ஆயிற்று. இப்படிச் சொற்களோடு கடல் கடந்து வந்த கருவி, காவிரிப் பாசனத்து வயல் வரப்புகளில் எவ்வாறு வாழ்ந்து மறைந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

வாய்வழி மருந்திடும் துப்பாக்கியையே நம் மக்கள் நாட்டுத் துப்பாக்கி என்றனர். வெடியுப்பு முக்கால் பங்கு, எஞ்சிய கால் பங்கில் கரியும் கந்தகமும் என அமைந்தது அதன் மருந்து. குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, அடைப்பை வைத்துக் கோலாற் குத்தி, ஈயக் குண்டையோ ரவையையோ இட்டு, மீண்டும் அடைத்து இறுக்குவர். இதற்குக் கெட்டித்தல் என்று பெயர். முதலில் திரியும், அடுத்துச் சக்கிமுக்கிக் கல்லும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செப்புக் கேப்பும் தீ மூட்டின. குழலினுள் சுருள்வரை வெட்டியதே ரைபிள். குறி தப்பாதெனினும் அதற்குக் குண்டு இறுக்கமாகப் பொருந்த வேண்டுமாதலால் கெட்டிக்க நேரம் பிடித்தது. பறவைக்கு ரவையே ஏற்றதாகலின், வழவழப்பான குழலே வயல்நாட்டில் நிலைத்தது.

மன்னார்குடியைச் சூழ்ந்த வயல்களும் ஏரிகளும் ஐப்பசி தொட்டுப் பறவைகளால் நிறையும். உள்ளான், மடையான், கொக்கு, நாமக்கோழி, தாரா யாவும் வேட்டைப் பொருளாயின. ஆங்கில அதிகாரிகளுக்கு உள்ளான் வேட்டை பொழுதுபோக்கு. குருவிக்காரர் எனப்படும் நரிக்குறவருக்கோ அது வயிற்றுப்பாடு. பறவை வருவதும் அடைமழைக் காலம், மருந்து ஈரித்துப் போவதும் அதே காலம். மருந்தை உலர்வாய்க் காப்பதே வேட்டைக்காரனின் பாதித் திறமை.

இக்கருவியை வாங்குவதும் வைத்திருப்பதும் அரசியலாக மாறிய கதையை நாம் மறத்தலாகாது. மருதிருவரை ஒடுக்கிய பின், 1801 டிசம்பர் முதல் நாள் எட்வர்டு கிளைவ் விடுத்த அறிக்கை பாளையக்காரர் ஆயுதம் தாங்குவதைத் தடுத்தது. 1855இல் இரண்டாம் சிவாஜி மறைந்து தஞ்சை அரசு முடிவெய்தியது. அவ்வரண்மனையின் ஆயுதங்கள் சில இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1857இலோ வாய்வழி மருந்திடும் என்ஃபீல்டு ரைபிளின் கொழுப்புத் தடவிய தோட்டாவே இந்துவையும் முஸ்லிமையும் ஒருசேரக் கொதித்தெழச் செய்தது. அந்த அச்சம் நீங்காத ஆட்சி, 1878இல் ஆயுதச் சட்டத்தை இயற்றி இந்தியரை உரிமச் சீட்டுக்குக் காத்து நிற்க வைத்தது. ஐரோப்பியருக்கு விலக்களித்தது. கடிகாரத்துக்குப் பேர்போன சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. ஆனால் காசு மட்டும் இருந்தால் இந்தியன் அதை வாங்கிவிட இயலாது. 1887இல் சென்னையில் பத்ருத்தீன் தயப்ஜீ தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, இச்சட்டத்தைத் திருத்தக் கோரியது. ஒரு முஸ்லிம் பெருமகன் தலைமையேற்ற முதல் காங்கிரஸ் மாநாடும் அதுவே.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் உரிம முறையை நீக்கவில்லை. எனினும் உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் அளிக்க வேண்டும் என அது விதித்தது. பழங்கருவிக்கு உழவனின் காவலன் என்னும் தகுதி இவ்வாறு சட்டத்தால் வாய்த்தது.

முஸ்லிம் வேட்டைக்காரனுக்கு மற்றொரு சட்டமும் உண்டு. அடிபட்டுச் செத்ததைத் திருமறை விலக்கியுள்ளது. கூர்முனை துளைத்ததை உண்ணலாம், தட்டையாய் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என்னும் கருத்தில் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அறிவிக்கும் நபிமொழியும் உண்டு. களிமண் குண்டால் இறந்த பறவை ஆகாது என்று ஹனஃபீ, ஷாஃபிஈ நூல்கள் கூறின. ஈயக் குண்டும் மோதியே கொல்கிறது என்று கொண்டு அத்தீர்ப்பையே அதற்கும் பொருத்தினர் உலமாக்கள் பலர். அறுக்குமுன் உயிர் பிரிந்தால் பறவை வீணே. ஆகவே துப்பாக்கியோடு கத்தியும், குறியோடு விரைந்த காலும் வேண்டியிருந்தன. உயிரை வீணாக மாய்க்காதே என்னும் கட்டுப்பாடு இவ்விதியினுள் பொதிந்திருப்பதை உணர்கின்றோம்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் சிலவற்றை உரிமத்தோடு வேட்டையாட இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாயிலையும் அடைத்தது. மன்னார்குடியை அடுத்த வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள உதயமார்த்தாண்டபுரமும் அவ்வாறே. கடல் கடந்து வரும் புள்ளினங்களுக்கு இன்று அங்கே அடைக்கலம் கிடைத்திருக்கிறது. அதை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. பொழுதுபோக்காகச் சுட்டவன் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போனான். வயிற்றுக்காகச் சுட்டவன் எங்கே போவது? ஊசிமணி, பாசிமணி விற்றுக் கடைத்தெருவில் அலைந்த நரிக்குறவருக்குப் பழங்குடியினர் தகுதி கிட்டியது 2023இன் தொடக்கத்தில்தான். வேட்டையை முற்றாகத் தடுத்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரே அந்த உரிமை வந்தது. பறவைக்கு அடைக்கலம் தந்த நாடு, அதனை நம்பி வாழ்ந்த மனிதனுக்கு நிலமும் கல்வியும் தரக் கடமைப்பட்டுள்ளது. நம் வீட்டு வாசலுக்கு மணி விற்க வரும் பெண்ணையும் அவள் பிள்ளையையும் அந்தக் கடமையின் நினைவோடு நாம் காண வேண்டும். அப்பிள்ளை பள்ளிக்குச் செல்ல நம்மாலான வழியைச் செய்வோமாக.