பந்தல் மாடி ஏறிய கதை

நம் குடியிருப்பில் ஒரு குடும்பத்தார் தங்கள் மகள் கல்யாணத்தை மாடியில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருப்பது சென்ற கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். கேட்டதில் தப்பே இல்லை. மண்டப வாடகையை விசாரித்தவர்கள் யாரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஓட்டல் மாடிகளில் நடக்கும் கல்யாணங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் மாடியில் நின்றால் பெரிய கோயில் விமானம் தெரியும். எந்த ஓட்டலில் அது கிடைக்கும்? ("மொட்டை" மாடியில் கல்யாணமா என்று என் மனைவி முகம் சுளித்தது வேறு விஷயம்.)

முடிவெடுக்கும் முன், நம் பக்கத்தில் கல்யாணம் நடக்கும் இடம் எப்படி மாறி வந்தது என்று எழுதித் தரச் சொன்னார் செயலாளர். அதற்காகத்தான் இது.

எங்கள் அப்பா காலத்தில் இடம் தேடும் வேலையே கிடையாது. பெண் வீட்டு வாசல்தான் கல்யாண இடம். பந்தக்கால் நட்டதும் இந்தத் திண்ணையிலிருந்து எதிர்த் திண்ணை வரை தெருவை அடைத்துக் கீற்றுப் பந்தல் போடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு நாலு வீடு தள்ளி ஜாகை. பந்திக்கு ஒரு வீட்டுக் கூடம், பாத்திரம் அடுக்க இன்னொரு வீட்டுத் தாழ்வாரம் என்று தெருவே மண்டபமாகிவிடும். கிராமங்களில் தை, மாசியில்தான் கல்யாணம் கூடும். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா. சம்பா அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் கையில் காசும் இருக்கும், உறவுக்காரர்களுக்கு ஓய்வும் இருக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பதில் கல்யாணக் கணக்கும் உண்டு.

அந்த வீடுகளின் அமைப்பை இப்போது நினைத்தால் ஒன்று புரிகிறது. வாசல், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று வீடு நீளமாகப் போகும். கோட்டை அடுப்பு வெட்டுவது கொல்லையில், கிணற்றுக்குப் பக்கத்தில். ஓமம் கூடத்திலோ முற்றத்தை ஒட்டியோ நடக்கும், மேலே வானம். கீற்றுப் பந்தல் வாசலில். அடுப்புக்கும் பந்தலுக்கும் நடுவில் ஒரு முழு வீடு நிற்கிறது. பந்தலுக்குச் சுவர் கிடையாது. ஏதாவது ஆனால் ஆட்கள் தெருவின் இரண்டு பக்கமும் ஓடலாம். யாரும் தீயணைப்பு விதி படித்துக் கட்டியதில்லை. ஆனாலும் அப்படி அமைந்திருந்தது.

பிறகு மண்டபம் வந்தது. நம் பக்கத்தில் இன்னும் பலர் அதைச் சத்திரம் என்றுதான் சொல்வார்கள். உண்மையான சத்திரங்கள் வழிப்போக்கருக்காகக் கட்டப்பட்டவை; ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அதற்குச் சாட்சி. பெயர் மட்டும் கல்யாண மண்டபத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்து நாள் கல்யாணம் ஒன்றரை நாளாகச் சுருங்கியதும், தெருவில் கார், பஸ் வந்ததும், திண்ணைகளை இடித்துக் கடை கட்டியதும் சேர்ந்து எல்லோரையும் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டன. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மாடி விஷயம் வேறு. நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் மேலே ஏறிக் கூட்டம் கூட முடியாது. கான்கிரீட் தளம் வந்த பிறகுதான் வடாம் காயப்போடும் இடம் விசேஷம் நடக்கும் இடமாகவும் ஆனது. கீழே மண்ணில் குழி தோண்டி, நவதானியம் போட்டு, பால் விட்டு நட்ட பந்தக்காலை, மாடியில் மணல் நிரப்பிய தகர டின்னில் நிறுத்தினார்கள். கீற்று அதே கீற்று. ஆனால் பந்தலைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர், இறங்க ஒரு படி. தெருவுக்காக ஏற்பட்ட பந்தலை அப்படியே தூக்கி மாடியில் வைத்தோம், தெருவை மட்டும் கீழே விட்டுவிட்டோம்.

2004 ஜனவரி 23, வெள்ளிக்கிழமை, தை முகூர்த்தம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே கல்யாணம். வீடியோ எடுக்கப் போட்ட விளக்கின் மின் இணைப்பில் எழுந்த பொறி கூரையைப் பிடித்ததாகச் சொல்லப்பட்டது. 50-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மாப்பிள்ளையும் போனார். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணத்துப் பள்ளி; சமையலறைத் தீ மாடியின் கீற்றுக் கூரைக்கு ஏறியதில் 94 குழந்தைகள். இதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு: இரண்டிலும் மாடி, இரண்டிலும் கீற்று. தரையில் போட்ட பந்தலும் தப்பியதில்லை. 1997 ஜூன் 7-ஆம் தேதி நம் பெரிய கோயில் கும்பாபிஷேகத்தில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று கோயிலுக்குப் போகவிருந்த என் அத்தை, பேருந்து தவறியதால் பிழைத்தார். கடைசி வரை பந்தலுக்குக் கீழே உட்கார மறுத்தார். எங்கள் கல்யாணங்களில் அவருக்கு மட்டும் திண்ணையில் இலை.

இப்போது கீற்று போட மாட்டோம், துணிப் பந்தல்தானே என்று கேட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு கீற்று கிடைப்பதும் பழைய மாதிரி இல்லை. ஆனால் அந்தப் பளபளக்கும் துணி கீற்றுக்குக் குறைந்ததில்லை. எரியும்போது உருகிச் சொட்டும்.

பாரமும் ஒரு கேள்வி. ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ, பதித்த இருக்கை இல்லாத கூட்ட அரங்குக்கு 500 கிலோ என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்கிறது இந்தியத் தர விதி 875. நம் மாடி எதற்காகக் கட்டப்பட்டது என்பது தெளிவு. 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தாலே ஒரு டன். ஒரு பொறியாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல் நாம் தலையாட்டக் கூடாது.

என் அபிப்பிராயம் இது. முகூர்த்தமும் பந்தியும் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நடக்கட்டும். இரண்டு நாள் வண்டிகளை வெளியே விடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. சமையல் வெளியிலிருந்து வரட்டும். மாலை நலங்குக்கு நெருங்கிய உறவு ஐம்பது பேர் மாடிக்குப் போகட்டும், பந்தல் இல்லாமல், அடுப்பு இல்லாமல். விமானம் பந்தல் போடாவிட்டால்தான் நன்றாகத் தெரியும்.

இதை எழுதும் முன் நம் மாடிப்படியை அளந்து பார்த்தேன். அகலம் மூன்றடி இரண்டு அங்குலம். சாம்பார் வாளியோடு ஒருவர் ஏறினால் எதிரே இறங்குபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பழைய கட்டிலும் நாலு சைக்கிளும் நிற்கின்றன. பொதுக்குழுவுக்குள் அவற்றை எடுத்துவிடச் சொல்லிச் செயலாளர் ஒட்டிய அறிவிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது, சைக்கிள்களும் இருக்கின்றன. அதில் சிவப்பு சைக்கிள் என் பேரனுடையது. இன்று சாயங்காலம் இறக்கிவிடுகிறேன்.