எண்களின் அமைச்சரும் களத்தின் சாட்சியமும்: இராபர்ட் மெக்னமாரா பற்றிய வியட்நாம் போர் வீரர்களின் மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலராக 1961 முதல் 1968 வரை பணியாற்றிய இராபர்ட் மெக்னமாராவின் பின்னணியையும் போர்க்காலத் தலைமையையும் வியட்நாம் போரில் பங்கேற்றோர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. போர் வீரர்களின் குற்றச்சாட்டு ஒரே குரலாக எழுந்தது என்னும் பொதுக் கருத்து பொருந்தாது என்பதும், தளபதிகளின் குறையும் களவீரர்களின் குறையும் ஒன்றோடொன்று முரண்படுவன என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வியட்நாம் போர், மெக்னமாரா, போர் நினைவுக்குறிப்புகள், உடல் எண்ணிக்கை, குடிமை ஆட்சியின் மேலாண்மை

முன்னுரை

அமெரிக்க ஆட்சியமைப்பில் ‘பாதுகாப்புத் துறைச் செயலர்’ எனப்படுபவர் அமைச்சரவை உறுப்பினர். இந்திய வழக்கில் செயலர் என்றால் ஆட்சிப்பணி அலுவலரைக் குறிப்பதால், இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 1947ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இப்பதவியை உருவாக்கியபோது, அதில் அமர்பவர் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றும், படைப்பணியிலிருந்து விலகிப் பத்தாண்டுகள் கழிந்திருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. எனவே சீருடை அணியாத ஒருவர் சீருடை அணிந்தோருக்கு ஆணையிடுவது இப்பதவியின் குறைபாடன்று. அதன் நோக்கமே அதுதான். ஆயினும் போர் தோல்வியை நோக்கிச் செல்லும்போதெல்லாம் அமைச்சரின் பின்னணி பற்றிய வினா எழுகிறது. அவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது மெக்னமாராவின் மீதுதான்.

பின்னணி: கணக்கரா, படைவீரரா?

மெக்னமாரா 1916இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பெர்க்லியில் பொருளியல் பயின்று, 1939இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பட்டம் பெற்று, மறு ஆண்டு அங்கேயே ஆசிரியரானார். போர் வீரர்களின் எழுத்துகளில் அவர் பெரும்பாலும் கார் நிறுவனத்திலிருந்து வந்த கணக்கராகவே சித்திரிக்கப்படுகிறார். இச்சித்திரம் பாதி உண்மையே. 1943இல் அவர் இராணுவ வான்படையில் கேப்டனாகச் சேர்ந்தார். புள்ளியியல் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றினார். பி-29 குண்டுவீச்சு விமானங்களின் செயல்திறனை ஆராய்ந்தார். லெப்டினன்ட் கர்னல் நிலையில் வெளியேறினார். டோக்கியோ நகரை 1945 மார்ச்சில் எரித்த வான்படைத் தளபதி கர்ட்டிஸ் லெமேயின் கீழ் அவர் பணி செய்தவர். அதே லெமே பின்னாளில் வான்படைத் தலைமைப் பொறுப்பிலிருந்து அவரை எதிர்த்தார்.

ஆகவே ‘படைப் பின்னணி இல்லாதவர்’ என்னும் கூற்று தரவுகளோடு ஒத்துப்போகவில்லை. அவருக்கு இல்லாதது களப் பின்னணி. போரை அவர் கண்டது அட்டவணைகளின் வழியே.

1946இல் அதே புள்ளியியல் பிரிவினர் பத்துப் பேர் ஃபோர்டு நிறுவனத்தில் கூட்டாகச் சேர்ந்தனர். மெக்னமாரா 1960 நவம்பரில் அந்நிறுவனத்தின் தலைவரானார். சில வாரங்களிலேயே கென்னடி அவரை வாஷிங்டனுக்கு அழைத்துக்கொண்டார். நிறுவனத் தலைவர் பாதுகாப்புத் துறைக்கு வருவது புதுமையன்று. ஐசன்ஹோவர் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சார்லஸ் வில்சனும், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் நீல் மெக்எல்ராயும் இதே பதவியில் இருந்தனர். அவர்கள் மீது இத்தகைய பகை எழவில்லை. அவர்கள் காலத்தின் பெரும்பகுதியில் போர் நடந்துகொண்டிருக்கவில்லை என்பது ஒரு காரணம். சார்லஸ் ஹிட்ச், ஆலன் எந்தோவன் முதலிய பொருளியலாளர்களைக் கொண்டு மெக்னமாரா அமைத்த முறைமைப் பகுப்பாய்வு, தளபதிகளின் தொழில்முறைத் தீர்ப்பையே சான்று கேட்டு நிறுத்தியது என்பது மற்றொன்று. முப்பதாண்டு அனுபவம் வாய்ந்த தளபதியிடம் முப்பது வயதுப் பகுப்பாய்வாளர் விளக்கம் கேட்ட நிலை ஏற்படுத்திய மனக்கசப்பைப் பின்னாள் நினைவுக்குறிப்புகள் பலவற்றில் காணலாம்.

தளபதிகளின் குறை

உயர்நிலைத் தளபதிகளின் நூல்கள் ஏறத்தாழ ஒரே வாதத்தை முன்வைக்கின்றன. பசிபிக் பகுதித் தலைமைத் தளபதியாயிருந்த கடற்படைத் தளபதி யுலிசஸ் ஷார்ப் 1978இல் வெளியிட்ட நூலின் தலைப்பே தோல்விக்கான உத்தி என்னும் பொருளுடையது. வட வியட்நாமின் மீதான குண்டுவீச்சைப் படிப்படியாக உயர்த்தியது பகைவனுக்குத் தன்னைச் சீர்செய்துகொள்ளக் காலம் அளித்தது என்பதும், இலக்குகளை வாஷிங்டனில் அமர்ந்து தேர்ந்தது தவறு என்பதும் அவர் வாதம். 1967 ஆகஸ்டில் செனட்டர் ஸ்டென்னிஸ் தலைமையிலான துணைக்குழு இக்குறைகளை விசாரித்தது. குண்டுவீச்சினால் மட்டும் வட வியட்நாமைப் பணியவைக்க இயலாது என மெக்னமாரா அங்கே சாட்சியம் அளித்தார். குழு தளபதிகளின் பக்கமே சாய்ந்தது.

ஆனால் இத்தரப்பின் சான்றுகளுள் மிகப் பயனுடையது நினைவுக்குறிப்பன்று, ஒரு வினாநிரல். வியட்நாமில் பணியாற்றி ஓய்வு பெற்ற பிரிகேடியர் ஜெனரல் டக்ளஸ் கின்னார்டு, பின்னர் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, அப்போரில் பொறுப்பு வகித்த இராணுவத் தளபதிகளிடம் வினாநிரல் அனுப்பி, விடைகளை ‘தி வார் மேனேஜர்ஸ்’ என்னும் நூலாக 1977இல் வெளியிட்டார். விடையளித்தோருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் போரின் குறிக்கோள்கள் தெளிவாக இல்லை எனக் கருதினர். கொல்லப்பட்ட பகைவர்களின் உடல் எண்ணிக்கை முன்னேற்றத்தை அளக்கும் தகுந்த அளவுகோல் என ஒப்புக்கொண்டோர் 2 விழுக்காட்டினரே.

இவ்விரண்டாம் எண்ணிக்கையை மெக்னமாராவுக்கு எதிரான சான்றாகவே பலர் எடுத்தாள்கின்றனர். அவ்வாறு கொள்வது அரைகுறை வாசிப்பு. உடல் எண்ணிக்கையைத் தொகுத்தவர்கள், கையொப்பமிட்டு மேலே அனுப்பியவர்கள், அதனடிப்படையில் பதவி உயர்வு பெற்றவர்கள் எல்லாரும் சீருடை அணிந்தோரே. பகைப்படையைத் தேய்த்துக் குறைக்கும் உத்தியை வகுத்தவர் களத் தலைமைத் தளபதி வெஸ்ட்மோர்லண்ட். எண்களைக் கேட்டவர் மெக்னமாரா. நம்பத்தகாதவை எனத் தாம் அறிந்த எண்களைக் கொடுத்தவர்கள் யார் என்னும் வினாவை ஓய்வு பெற்ற தளபதிகளின் நூல்களிற் பெரும்பாலானவை எழுப்புவதில்லை. கின்னார்டின் நூல் எழுப்புகிறது. அதன் நேர்மைக்கு அதுவே சான்று.

களவீரர்களின் குறை

சாதாரண வீரர்களின் சாட்சியத்தில் குண்டுவீச்சின் இலக்குகள் முதன்மை பெறுவதில்லை. அங்கே பேசப்படுவன துப்பாக்கி, தடுப்பரண், உடன் நின்ற வீரன் ஆகியன.

எம்-14 துப்பாக்கியின் உற்பத்தியை மெக்னமாரா 1963இல் நிறுத்தினார். எம்-16 களத்திற்கு வந்தது. தோட்டாவின் வெடிமருந்து மாற்றப்பட்டதாலும், தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாததாலும், துப்புரவுக் கருவிகள் போதிய அளவு வழங்கப்படாததாலும் 1966, 1967ஆம் ஆண்டுகளில் அத்துப்பாக்கி சண்டையின் நடுவே அடைத்துக்கொண்டது. பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு 1967இல் விசாரித்து இராணுவத்தின் நிர்வாகத்தையே கடுமையாகச் சாடியது. எனினும் வீரர்களின் நினைவில் அப்பழி அமைச்சரின் பெயரிலேயே தங்கிவிட்டது. இவ்விடத்தில் நினைவும் ஆவணமும் பிரிகின்றன. படைநடுவிலிப் பகுதிக்குத் தெற்கே எழுப்பத் திட்டமிட்ட தடுப்பரணோ அவர் பெயராலேயே வழங்கிற்று. ஜியோ லின் முதல் கான் தியென் வரை காடழித்து அதற்கு நிலம் திருத்திய கடற்படைக் காலாட்படையினர் பீரங்கித் தாக்குதலுக்கு இலக்காகிப் பெருஞ்சேதம் அடைந்தனர். அவர்களின் தளபதிகள் தொடக்கத்திலேயே இத்திட்டத்தை எதிர்த்தவர்கள்.

இவை யாவற்றினும் ஆழமான காயம் ‘நூறாயிரம் திட்டம்’. படைத்தேர்வில் தோற்றுக் கழிக்கப்பட்டு வந்த இளைஞர்களை ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேர் வீதம் சேர்த்துக்கொள்ளும் இத்திட்டத்தை மெக்னமாரா 1966 ஆகஸ்டில் நியூயார்க்கில் அறிவித்தார். அறிவித்த அவை வெளிநாட்டுப் போர்களில் பங்கேற்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாடு. வறுமையில் பிறந்தோருக்குப் படைப்பயிற்சி கல்வியும் தொழிலும் தரும் என்பது அவர் கூறிய நியாயம். அதை வெறும் போலி என ஒதுக்கிவிட முடியாது; கற்பித்தல் கருவிகளின் ஆற்றலில் அவருக்கு மெய்யான நம்பிக்கை இருந்தது. ஆயினும் அன்றைய தேவை வேறு. கல்லூரி மாணவர்களுக்கு விலக்கு இருந்தது. ஒதுக்குப் படைகளை அழைக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் விரும்பவில்லை. ஆட்கள் வேறெங்கிருந்தாவது வரவேண்டியிருந்தது. 1971இல் திட்டம் முடிவதற்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். அவர்களுள் கறுப்பின இளைஞர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்கள் வகித்த பங்கைவிட மிக மிகுதி.

இவ்விளைஞர்களோடு பயிற்சி பெற்ற ஹாமில்டன் கிரிகோரி, ‘மெக்னமாராஸ் ஃபாலி’ என்னும் நூலை 2015இல் வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவரும், இடவலம் பிரித்தறிய இயலாதவரும் காலாட்படைக்கு அனுப்பப்பட்டதை அது பதிவு செய்கிறது. இத்திட்டத்தின் வழி வந்தோருள் 5,478 பேர் பணியிலிருக்கையில் இறந்தனர் என்பது கிரிகோரி தரும் கணக்கு. பாசறைகளில் இவர்களுக்கு வழங்கிய இழிபெயரில் மெக்னமாராவின் பெயரே முன்னொட்டாக நின்றது. அந்த இளைஞர்கள் தம் குரலில் எழுதிய நூல்கள் அரிது. எழுதும் ஆற்றல் குன்றியவர் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் வரலாற்றை உடனிருந்தோரின் சாட்சியத்தின் வழியே அறியும் நிலை ஆய்வாளனுக்கு உறுத்தலானது.

முரண்

தளபதிகள் கூறுவது: மெக்னமாரா போரைத் தடுத்தார், முழு வலிமையோடு நடத்த விடவில்லை. களவீரர்கள் கூறுவது: வெல்ல இயலாது என அறிந்த பின்னும் அவர் போரை நடத்தினார். முதற்கூற்றின்படி அவர் செய்தது குறைவு. இரண்டாம் கூற்றின்படி அது மிகுதி. இரண்டும் ஒருவரையே வெறுப்பதால் இவ்வேறுபாடு வெளியே தெரிவதில்லை. பின்னணி பற்றிய குற்றச்சாட்டே இவ்விரு தரப்பினரையும் ஒட்டவைத்த பசை எனலாம். ‘அவர் நம்முள் ஒருவர் அல்லர்’ என்பதில் தளபதிக்கும் சிப்பாய்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2006இல் ஓய்வு பெற்ற தளபதிகள் சிலர் ஈராக் போரின் பொருட்டு டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு பதவி விலக வேண்டும் எனக் கோரியபோதும், களத்தின் அறிவுரையைக் கேளாதவர் என்னும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. ரம்ஸ்ஃபெல்டோ கடற்படை விமானியாகப் பணியாற்றியவர். பின்னணி மாறியும் குறை மாறாதிருந்தது கருதத்தக்கது.

மௌனம்

1967 நவம்பர் 1இல் குண்டுவீச்சை நிறுத்தவும் படை எண்ணிக்கையை உயர்த்தாதிருக்கவும் பரிந்துரைத்து மெக்னமாரா ஜான்சனுக்குக் குறிப்பு எழுதினார். அம்மாத இறுதியிலேயே அவர் உலக வங்கிக்குச் செல்லும் செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டின் இறுதி வரை போரில் இறந்த அமெரிக்கர் ஏறத்தாழ 20,000 பேர். போர் முடிந்தபோது அத்தொகை 58,000ஐக் கடந்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வெளிப்படையாக எதுவும் பேசவில்லை. வெஸ்ட்மோர்லண்ட் சிபிஎஸ் தொலைக்காட்சி மீது தொடுத்த வழக்கில் 1984இல் சாட்சியம் அளித்தபோதுதான், படைவலியால் வெல்ல இயலாது என்னும் முடிவுக்குத் தாம் 1966க்குள்ளாகவே வந்துவிட்டதை அவர் ஒப்புக்கொண்டார். 1995 ஏப்ரலில் ‘இன் ரெட்ராஸ்பெக்ட்’ வெளிவந்தது. தாங்கள் செய்தது தவறு, பெருந்தவறு என்று அவர் அதில் எழுதினார்.

அந்நூல் போர் வீரர்களின் சினத்தைத் தணிக்கவில்லை, பெருக்கிற்று. அம்மாதம் ஹார்வர்டில் நடந்த கூட்டத்தில் முன்னாள் வீரர் ஒருவர் இம்மௌனம் குறித்துக் கேட்டபோது மெக்னமாரா பொறுமையிழந்து அவரை வாயை மூடச் சொன்னது செய்தியாயிற்று. தவறு செய்ததை மன்னித்தாலும் தெரிந்து பேசாதிருந்ததை மன்னிக்க இயலாது என்பதே வீரர்கள் பலரின் நிலைப்பாடு. பதவியிலிருப்பவர் குடியரசுத் தலைவருக்கே கடமைப்பட்டவர் என்று மெக்னமாரா தம் மௌனத்திற்கு நியாயம் கூறினார். பதவியில் இருந்த ஆண்டுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். பதவி நீங்கிய பின் கழிந்த ஆண்டுகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதற்கு அந்நூலில் தெளிவான விடை இல்லை.

இம்மௌனத்தின் தொடக்கத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவர் உண்டு. 1965 நவம்பர் 14 முதல் 17 வரை இயா டிராங் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில் 234 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். அங்கே ஒரு பட்டாலியனை நடத்திய லெப்டினன்ட் கர்னல் ஹரால்டு மூர், அம்மாத இறுதியில் ஆன் கே முகாமுக்கு வந்த மெக்னமாராவிடம் சண்டையை விளக்கினார். செய்தியாளர் ஜோசப் காலோவேயுடன் இணைந்து 1992இல் எழுதிய ‘வீ வேர் சோல்ஜர்ஸ் ஒன்ஸ் அண்ட் யங்’ நூலில் மூர் அதைப் பதிவு செய்துள்ளார். விளக்கம் முடிந்தது; அமைச்சர் எழுந்து வந்து, கண்ணோடு கண் நோக்கி, கைகுலுக்கினார். வினா எதுவும் கேட்கவில்லை. நவம்பர் 30 நாளிட்டு ஜான்சனுக்கு அவர் எழுதிய குறிப்பு, இனி மாதத்திற்கு 1,000 அமெரிக்கர் இறக்கக்கூடும் என்றும், அவ்வாறு இறந்தாலும் வெற்றி உறுதியில்லை என்றும் கூறிற்று; கூடவே மேலும் படைகளை அனுப்பவும் பரிந்துரைத்தது. மெக்னமாராவே 1967இல் தொகுக்கச் செய்து, 1971இல் கசிந்த பென்டகன் ஆவணங்களின் வழி அக்குறிப்பு வெளிவந்தபோது, மூரின் பட்டாலியனில் மாண்டோரைப் புதைத்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.