நாழிகை வழியும் ஆகாய வழியும்

அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று வினவிய வழிப்போக்கனுக்கு, 'இரண்டு நாழிகை வழி' என்று விடை கூறிய நம் முன்னோர், ஒரு நாழிகையில் மனிதன் நடந்து கடக்கக்கூடிய ஏறக்குறைய ஒன்றரை மைலையே அளவுகோலாகக் கொண்டிருந்தமையால், காலமும் தூரமும் அவர்களுக்கு வேறுவேறாக இருக்கவில்லை.

அவற்றைப் பிரித்தவர் நில அளவையாளர் வில்லியம் லாம்டன். 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து, அதன்மேல் முக்கோணங்களைத் தொடுத்துக்கொண்டே மேற்கே சென்ற அவர், 1804-ல் பெங்களூருக்கு அருகே இன்னொரு கோட்டை அளந்து தம் கணக்கைச் சரிபார்த்தார். மங்களூர்க் கரையை எட்டியபோதோ, தீபகற்பத்தின் அகலம் பழைய படங்கள் காட்டிய 400 மைல் அன்று, 360 மைலே என்பது புலனாயிற்று. நடப்பவனின் களைப்பைப் பொருட்படுத்தாத நேர்க்கோட்டுத் தூரம் அன்று முதல் சர்க்கார்க் கணக்கில் இடம்பெற்றது.

ஆனால் வண்டிகள் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. 1864-ல் பெங்களூரை அடைந்த ரயில், ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம், பங்காருப்பேட்டை வழியே மேட்டுநிலம் ஏறிச் சென்றுவிட, கிருஷ்ணகிரியும் ஓசூரும் ஒதுங்கி நின்றன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக 1913-ல் ஓசூருக்கும் வந்து சேர்ந்த குறுகிய இருப்புப்பாதைகள், உலக யுத்தத்தின் நடுவே 1941-ல் மூடப்பட்டன.

பின்னர் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றி, லாரியும் கைக்கடிகாரமும் செய்யும் யந்திரசாலைகள் பெருகிய ஓசூருக்கு, 1990-களில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் விமான ஓடுதளமும் வாய்த்தது. எனினும், 2008-ல் தேவனஹள்ளியில் திறக்கப்பட்ட பெங்களூர் விமான நிலையத்துக்காக 2004-ல் செய்துகொண்ட உடன்படிக்கை, மைசூரும் ஹாசனும் நீங்கலாக, ஆகாய மார்க்கமாக 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையம் எதுவும், திறப்பு நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்கு எழலாகாது என்று விதித்துவிட்டது. மாநில எல்லையைப் பாராமல் வட்டமிட்ட அந்த ஷரத்துக்குள், நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட தூரத்தில் உள்ள ஓசூர் அகப்பட்டுக்கொண்டது. 2000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பிரயாணிகளுக்கான விமான நிலையம் ஓசூரில் அமையும் என 2024 ஜூனில் தமிழக முதல்வர் சட்டசபையில் அறிவித்தபோதும், 2033 வரை நீளும் அந்த ஷரத்தே முதலில் நினைவுகூரப்பட்டது.

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டதே. ஓசூர்வாசியோ அவ்விமானத்தில் ஏறுவதற்கு, அத்திப்பள்ளியைத் தாண்டி, பெங்களூர் நகரம் முழுவதையும் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தாக வேண்டும். அவரிடம் விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பாருங்கள்: 'காலையில் கிளம்பினால் இரண்டு மணி நேரம், சாயங்காலமானால் மூன்று' என்பார். நாழிகை வழி இன்னும் வழக்கொழியவில்லை.