பெரியவர்கள் கீழே விழும் ஆபத்து: வீட்டிலேயே 12 விநாடியில் தெரிஞ்சுக்கலாம்!

"வயசாயிடுச்சு, கால் தடுமாறத்தான் செய்யும்" என்று விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம். ஆனால் கீழே விழுவது உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 உயிர்களைப் பறிக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். யார் விழ வாய்ப்பு இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும். அதற்கு ஸ்கேன் எல்லாம் வேண்டாம். கைப்பிடி வைத்த நாற்காலியும் செல்போன் ஸ்டாப்வாட்ச்சும் போதும்.

டெஸ்ட் செய்வது எப்படி?

நாற்காலியில் இருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் கோடு போடுங்க. பெரியவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். தினமும் போடும் செருப்பு, கைத்தடி எல்லாம் இருக்கலாம். ஒருவர் கூடவே நிற்கணும், இது கட்டாயம். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து இருக்கு என்று எடுத்துக்கொள்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி.

நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. திரும்பும்போது சுவரைப் பிடிக்கிறாரா, பாதத்தைத் தேய்த்து நடக்கிறாரா என்றும் கவனிங்க.

இன்னொரு டெஸ்ட்: ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்பது. 10 விநாடி நிற்க முடியாவிட்டால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

மறைக்கப்படும் விழுதல்கள்

இரண்டு டெஸ்ட்டிலும் பாஸ் ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு: "போன ஒரு வருஷத்துல எங்கேயாவது விழுந்தீங்களா?" ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். ஆனால் பலர் சொல்வதில்லை. சொன்னால் தனியா வெளியே விட மாட்டாங்களே என்ற பயம். திட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

மாத்திரையும் காரணமா?

ஆமாம். தூக்க மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள் தள்ளாட்டம் தரலாம். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கணும். மேல் அளவு 20 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்க. நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் போகும்போது மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கியது உட்பட எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும்.