காப்புக் கட்டும் பூளை

மார்கழிக் கடைசி நாளில், கோவை காந்திபுரத்துக் கிராஸ்கட் ரோட்டின் ஓரத்தில் சாக்கை விரித்து அமர்ந்திருக்கும் பெண்களிடம், வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டிய காப்புக்கட்டுக் கொத்தைப் பேரம் பேசி வாங்குகிறவர்களுள், இம்மூன்றில் வெண்ணிறமான பூளைக்குக் கொங்கு நாட்டுக் கிராமங்களில் முன்பெல்லாம் விலை என்ற ஒன்றே இருந்ததில்லை என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

சிறுபூளை, சிறுபீளை, கண்ணுப்பிள்ளை என்று பலவாறு வழங்கும் இச்செடியைத் தாவர நூலார் ஏர்வா லனாட்டா என்பர். முழங்கால் உயரத்தைத் தாண்டாத இதன் கிளைகளில், ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் பஞ்சைத் திரித்து ஒட்டியதுபோல் சிறு கதிர்கள் அமைந்திருக்கின்றன. கதிரை விரலால் நெருடினால் வெள்ளை ரோமத்தினிடையே கடுகினும் சிறிய கருவிதைகள் உதிர்கின்றன. மணமோ தேனோ கருதி இதை யாரும் விரும்பியதில்லை. ஆயினும் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களுள் பூளை இடம்பெற்றிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரோ, வரகுச் சோற்றின் தோற்றத்துக்கு இப்பூவையே உவமையாக்கினார். வரகு விளையும் புன்செயும் பூளை முளைக்கும் நிலமும் ஒன்றே என்பதை நேரில் கண்ட புலவர்க்கே அவ்வுவமை தோன்றும். சித்த வைத்தியர் இதனைக் கல்லடைப்புக்கு உபயோகித்தனர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் மலையாளிகள் தசபுஷ்பம் என்று போற்றும் பத்து மூலிகைகளுள்ளும் இது ஒன்று.

கொங்கு நாட்டில் இச்செடிக்குக் கிடைத்த ஸ்தானம் இவற்றினும் விசேஷமானது. தை பிறக்குமுன், வீட்டு எரவாரத்திலும் கட்டுத்தாரையிலும் கிணற்று மேட்டிலும் காட்டு மூலையிலும் இக்கொத்தைச் செருகி, மனிதருக்கும் மாட்டுக்கும் விளைச்சலுக்கும் ஒருங்கே காப்பிடுவது குடியானவர் சம்பிரதாயம். பறித்த மறுநாளே வாடிவிடும் பூக்களைப்போலன்றி, காய்ந்த பின்னும் வடிவம் குலையாமல் பல நாள் நிற்பது பூளையின் சுபாவமாதலால், நீண்ட காவலுக்கு இதனைத் தேர்ந்த முன்னோரின் விவேகம் வியக்கத்தக்கதே.

இதனை அன்று யாரும் விதைத்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடந்து, வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பிய இப்பிரதேசத்தில், சோளமும் கம்பும் விளைந்து ஓய்ந்த மானாவாரிக் காடுகளிலும், கிளுவை வேலியிட்டுக் காங்கேயம் மாடுகளை மேயவிட்ட கொறங்காடுகளிலும், வண்டித் தடத்தின் இருமருங்கிலும் பூளை தானாகவே மண்டிற்று. 1866-இல் நகராட்சியான கோவையில், 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றிய பின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டார் இறங்கிற்று, நகரம் நாற்புறமும் வளர்ந்தது. காலக்கிரமத்தில் தரிசுகள் மனைகளாயின. சம்பிரதாயம் மட்டும் குடியேறியவர்களோடு நகருக்குள் வந்துவிட்டது, செடி வரவில்லை. பறித்துக்கொள்ள வேண்டியதை விலைக்கு வாங்க நேர்ந்த காரணம் இதுவே.

இதனை வீட்டிலேயே வளர்ப்பது சிரமமான காரியமன்று. நாள் முழுதும் வெயில் படும், நீர் தேங்காத செம்மண் மூலை ஒன்று போதும். விதை மிக நுண்ணியதாகையால், ஆடி ஆவணி ஈரத்தில் மணலோடு கலந்து மேலாகத் தூவ வேண்டுமேயன்றி ஆழப் புதைக்கலாகாது. முளைத்தபின் எருவும் நீரும் மிகுதியாக அளித்தால் செடி இலையில் கொழுத்துப் பூவில் மெலியும். காப்புக்கு வேரோடு பிடுங்காமல் கிளையை மட்டும் கிள்ளி, சில கதிர்களை முற்றவிட்டால் மறு ஆண்டுக்கு விதை தானே விழும். பொங்கல்தோறும் கொத்து வாங்குவதால் வழக்கத்தின் உருவம் காக்கப்படுகிறது. அவ்வழக்கத்தை ஈன்ற நிலத்தையும் ஓரளவு காக்க விரும்புகிறவர், வாசலோரத்தில் ஒரு முழ மண்ணைச் சிமெண்டுக்குக் கொடாமல் பூளைக்கு ஒதுக்குவாராக.